எமிஸ், யூடைஸ் என்று இத்தனை விவரம் ஏறியும் வகுப்பறையில் ஏன் மாற்றம் தெரியவில்லை?

நீங்கள் கேட்டது இது: உங்கள் பிள்ளை படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் நீங்கள் மேலாண்மைக் குழு உறுப்பினர். ஆசிரியர்கள் காலையில் வந்ததும் ஆப்பில் வருகை போடுகிறார்கள். அப்புறம் எமிஸ் (மாநில அரசின் மாணவர் பதிவுத் தளம்), யூடைஸ் (நாடு முழுவதற்குமான பள்ளிக் கணக்கெடுப்பு), நலத்திட்டப் பொருள் வாங்கிய விவரம், தேர்வு மதிப்பெண் என்று ஏதாவது ஒன்றை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஐந்தாம் வகுப்பில் சில பிள்ளைகள் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். இந்தத் தரவு சேகரிப்பைச் சீர்செய்ய வழி உண்டா, இல்லை நிறுத்திவிடுவதே நல்லதா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏறுகிற விவரம் உண்மைதானா என்பது ஒன்று. உண்மையாகவே இருந்தாலும், அதை வைத்து ஏதாவது செய்யக்கூடிய ஆளின் கைக்கு அது திரும்பி வருகிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்வியைப் பலரும் பேசுகிறார்கள். உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொடுவது இரண்டாவது கேள்விதான்.

நான் பல ஆண்டுகள் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவன். பள்ளிகளின் புள்ளிவிவரப் படிவங்களைச் சரிபார்ப்பது, பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு, பிறகு மாவட்ட அளவில் திட்ட வேலை என்று என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இதிலேயே போயிற்று. நான் நெருக்கமாகப் பார்த்தவை அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும்தான். மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிகளின் உள்விவகாரத்தை அந்த அளவு பார்த்ததில்லை. நான் சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

இந்தக் கணக்கெடுப்பு எதற்காகத் தொடங்கியது என்பதை முதலில் சொல்கிறேன். 1990-களின் நடுவில், மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது, மாவட்ட வாரியாகப் பள்ளி விவரம் வேண்டும் என்பதற்காக டைஸ் என்ற முறை உருவானது. தலைமை ஆசிரியர் ஒரு நீளமான தாள் படிவத்தை நிரப்புவார்: எத்தனை வகுப்பறை, எத்தனை கழிப்பறை, குடிநீர் உண்டா, மூன்றாம் வகுப்பில் எத்தனை பையன்கள், எத்தனை பெண் பிள்ளைகள். 2012-13-இல் தொடக்க நிலைக் கணக்கையும் உயர்நிலைக் கணக்கையும் ஒன்றாக்கி யூடைஸ் என்றார்கள். 2018-19-இலிருந்து அது முழுக்க இணையத்துக்கு மாறி யூடைஸ் பிளஸ் ஆனது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம். எந்த ஊரில் பள்ளி வேண்டும், எங்கே கட்டடம் வேண்டும் என்று திட்டமிட இந்த மொத்த எண்ணிக்கைகள் போதுமானவை. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாத பள்ளிகள் எவை என்று பட்டியல் போட்டுக் காசு ஒதுக்க முடிந்ததே இந்தக் கணக்கு இருந்ததால்தான். அதனால் நிறுத்திவிடலாமா என்பதற்கு என் பதில், வேண்டாம். எண்ணிக்கை இல்லாத காலத்தில் ஏமாந்தவர்கள், கேட்க ஆளில்லாத ஊர்ப் பிள்ளைகள்தான்.

ஆனால் மொத்த எண்ணிக்கையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஒரு பிள்ளையின் பெயர் இரண்டு பள்ளிகளில் இருந்தால் அது இரண்டு பிள்ளைகளாகக் கணக்கில் ஏறும். அதைச் சரிசெய்யத்தான் 2022-23-இலிருந்து நாடு முழுவதும் மாணவர் பெயர் வாரியாக விவரம் கேட்க ஆரம்பித்தார்கள். விளைவு உடனே தெரிந்தது. 2021-22-இல் இந்தியா முழுக்க 26.52 கோடி மாணவர்கள் என்று காட்டிய அறிக்கை, 2022-23-இல் 25.17 கோடி என்றும், 2023-24-இல் 24.80 கோடி என்றும் காட்டியது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள் என்று அப்போது நிறையப் பேர் பதறினார்கள். எண்ணும் முறை மாறிவிட்டது, இரண்டையும் நேராக ஒப்பிடக்கூடாது என்று அந்த அறிக்கையே எச்சரித்திருந்தது. இதில் நிச்சயமானது அதுதான். அந்தக் குறைவில் இரட்டைப் பதிவு நீங்கியது எவ்வளவு, பிறப்பு குறைந்ததால் வந்தது எவ்வளவு, உண்மையிலேயே படிப்பை விட்டவர்கள் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தத் தரவால் முடியாது. மூன்றும் கலந்திருக்கிறது. 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காமல் இந்த அறிக்கைகள் வந்ததால், ஊரில் உண்மையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே கணிப்பாக இருந்தது. சேர்க்கை விகிதம் 100 சதவீதத்தைத் தாண்டியது என்று எங்காவது படித்தால், வயது தாண்டிச் சேர்ந்த பிள்ளைகளோடு இந்தக் கணிப்பும் காரணமாக இருக்கக்கூடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பெயர் வாரிப் பதிவு அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான் கொடுப்பார்கள், பள்ளி மாறினாலும் எண் மாறாது. பிள்ளை டிசி வாங்கிக்கொண்டு போனால், பழைய பள்ளி அந்தப் பெயரைக் 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிடும். புதிய பள்ளி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். யாரும் எடுக்காமல் அந்தத் தொகுப்பிலேயே கிடக்கிற பெயர் யாருடையது என்று தேடினால், படிப்பை விட்ட பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். இந்த ஏற்பாட்டின் அருமை இது. தெருத்தெருவாகப் போய் எடுத்த கணக்கில் தப்பிய பிள்ளைகளை இந்தத் தொகுப்பை வைத்துக் கண்டுபிடித்து மறுபடி சேர்த்திருக்கிறோம்.

இது சரியாக நடக்காத இடமும் உண்டு. கட்டணப் பாக்கிக்காக டிசி கிடைக்காத பிள்ளையின் பெயர் பழைய பள்ளியிலேயே தங்கிவிடும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்ட பையன் டிசி கேட்டு வருவதே இல்லை. அவன் பெயர் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித் தேர்வுக்கு 50,000-க்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்று பெரிய சர்ச்சை ஆனதே, நினைவிருக்கும். கொரோனா ஆண்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி எல்லாரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்ட அதே ஆண்டுப் பிள்ளைகள்தான் இவர்கள். மேல் வகுப்பில் பெயர் ஏறி, பள்ளிக்கு வராமலே இருந்தவர்கள் இவர்களில் நிறைய. தேர்வு நாளில்தான் அந்தப் பிள்ளைகள் இல்லை என்பது நாட்டுக்கே தெரிந்தது. அவர்கள் விலகியது அதற்கு ஓராண்டு, இரண்டாண்டு முன்பே. பதிவேட்டில் பெயர் இருந்தது, பெயருக்குப் பின்னால் பிள்ளை இல்லை.

ஏன் பெயரை நீக்கவில்லை என்று தலைமை ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள்: ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. நம் மாநிலத்தில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் செய்கிறார்கள். 61 பெயர் உள்ள ஒரு பள்ளியில், ஜூனிலிருந்து வராத ஒரு பிள்ளையின் பெயரை நீக்கினால் ஒரு ஆசிரியர் உபரி ஆகி வேறு ஊருக்குப் பணிநிரவலில் போவார். மீதி 60 பிள்ளைகளுக்கு, ஐந்து வகுப்புக்கும் சேர்த்து, இரண்டு பேர்தான். அந்தப் பெயரை வைத்திருக்கும் தலைமை ஆசிரியர் தனக்காக எதையும் சுருட்டவில்லை, தன் பள்ளியைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் அந்த 61-ஆவது பிள்ளை எங்கே போனாள் என்று தேட அதற்குப் பிறகு யாருக்கும் காரணம் இல்லாமல் போய்விடுகிறது, ஏனென்றால் பதிவின்படி அவள் பள்ளியில்தான் இருக்கிறாள். என் பணிக்காலத்தில் என்னை மிகவும் வருத்திய விஷயம் இதுதான். ஆசிரியர் பணியிடத்தைக் காக்கும் அதே எண், பிள்ளையை மறைத்துவிடுகிறது.

இதற்கு ஆப்பில் இன்னொரு பொத்தான் சேர்த்துப் பயனில்லை. உண்மையைச் சொன்னால் ஆகும் நஷ்டத்தைக் குறைக்க வேண்டும். என் யோசனை: பணியிட நிர்ணயத்தை ஒரே நாள் எண்ணிக்கையில் செய்யாமல், மூன்று ஆண்டுச் சராசரியில் செய்யலாம். காணாமல்போன பிள்ளையைப் பள்ளியே முன்வந்து தெரிவித்தால், அந்த ஆண்டு அந்தப் பெயருக்காகப் பணியிடம் குறையாது என்று ஒரு விதி போடலாம். இது நிச்சயம் பலிக்கும் என்று சோதித்துக் காட்டிய ஆய்வு எதையும் வைத்து நான் சொல்லவில்லை, பார்த்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நிதித்துறை எளிதில் ஒப்பாது என்பதும் தெரியும். ஆனாலும் எண்ணிக்கைக்கும் இழப்புக்கும் உள்ள முடிச்சைத் தளர்த்தாமல் எத்தனை முறை சரிபார்த்தாலும் அதே பெயர்கள் திரும்பத்திரும்ப வரும்.

தேர்வு மதிப்பெண் விவரத்துக்கு வருகிறேன். இங்கே ஆய்வுகள் தெளிவாகவே இருக்கின்றன. அபிஜித் சிங் என்ற பொருளியலாளர் இந்திய மாநிலங்களில் அரசு நடத்தும் கற்றல் மதிப்பீடுகளைத் தணிக்கை செய்தார். ஒரே பிள்ளைக்கு, அரசுத் தேர்வில் வந்த அதே கேள்வியை வெளி ஆள்களைக் கொண்டு மறுபடி கேட்டுப் பார்த்தபோது, அரசுப் பதிவில் இருந்த மதிப்பெண் உண்மை நிலையைவிட மிக அதிகமாக இருந்தது. மதிப்பெண் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் பரிசோ தண்டனையோ இல்லாத தேர்வில்கூட இது நடந்தது. ஆசிரியர்கள் மேற்பார்த்த தாள் தேர்வில் இந்த மிகை பெரிதாக இருந்தது. டேப்லெட்டில் நடத்திய தேர்வு முடிவுகளோ வெளி ஆள்கள் நடத்திய தேர்வோடு நெருங்கி வந்தன. ஆகவே வகுப்பாசிரியரே நடத்தி, அவரே திருத்தி, அவரே ஏற்றுகிற மதிப்பெண்ணை வைத்து மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டேப்லெட் எல்லா இடத்திலும் இதே பலனைத் தருமா என்பது வேறு. கருவி பழுதாகாமல், இணையம் அறுந்துபோகாமல் இருக்கும் பள்ளிகளுக்குத்தான் அந்த முடிவு அப்படியே பொருந்தும்.

இதற்கு எதிர்த்திசையில் இருப்பது ஏசர் கணக்கெடுப்பு. 2005-இலிருந்து பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் நடத்துகிறது. தன்னார்வலர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளையை உட்காரவைத்து, எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்கச் சொல்கிறார்கள். 2024 அறிக்கைப்படி கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்பில் படிப்பவர்களில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. உங்கள் பள்ளியில் நீங்கள் பார்ப்பது தனி நிகழ்வு இல்லை. ஏசரிலும் குறை உண்டு. அது மாதிரிக் கணக்கெடுப்பு, மாவட்ட எண்களில் ஏற்றத்தாழ்வு இருக்கும், எந்தப் பள்ளியையும் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனால் மொத்தப் படம் எப்படி என்று தெரிந்துகொள்ள, எல்லாப் பிள்ளைகளிடமும் எடுத்த நம்பமுடியாத மதிப்பெண்ணைவிடச் சிலரிடம் கவனமாக எடுத்த மதிப்பெண் மேலானது. மாநில அளவில் எப்படிப் போகிறது என்று அறிய மாதிரிக் கணக்கெடுப்பு போதும். ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணும் சென்னை வரை போக வேண்டிய தேவையே இல்லை.

சரி, தரவு உண்மையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் மட்டும் பிள்ளைகள் படித்துவிடுவார்களா? மாட்டார்கள். இதை நம்ப முதலில் எனக்கும் கஷ்டமாக இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆந்திரக் கிராமப் பள்ளிகளில் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒரு சோதனை செய்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், ஆசிரியர்களுக்கு அவர்களுடைய பிள்ளைகள் எதில் பலம், எதில் பலவீனம் என்று விரிவான அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். பார்க்க ஆள் வந்தபோது அந்த ஆசிரியர்கள் கூடுதலாக உழைத்தார்கள். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் கற்றலில் வித்தியாசம் இல்லை. இன்னொன்று மத்தியப் பிரதேசத்தில். ஒவ்வொரு பள்ளியையும் மதிப்பிட்டு, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்து, இணையத்தில் ஏற்றி, அதிகாரிகள் தொடர்ந்து பார்க்கும்படி ஒரு திட்டம் நடந்தது. மதிப்பீடுகள் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக முடிந்தன. மதிப்பீட்டில் எழுதியதும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. முரளிதரனும் அபிஜித் சிங்கும் அளந்து பார்த்தபோது, பள்ளி நடப்பிலும் கற்றலிலும் எந்த மாற்றமும் இல்லை. இருந்தும் அது வெற்றி என்று கருதப்பட்டு, அந்த மாதிரி நாடு முழுக்கப் பல லட்சம் பள்ளிகளுக்குப் போயிற்று. படிவம் நிரம்பியதையே வேலை நடந்ததாக அமைப்பு எடுத்துக்கொள்கிறது. மேலிருந்து திரையில் பார்ப்பவருக்கு எல்லாம் பச்சையாகத் தெரியும்போது கீழே கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாது.

பெற்றோரிடம் விவரம் கொடுத்தால்? அதிலும் ஒரே பதில் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் கிராமக் கூட்டம் போட்டு, பிள்ளைகள் வாசிக்கும் நிலையை ஊருக்குச் சொன்னார்கள். பள்ளியில் எதுவும் மாறவில்லை. அதே ஆய்வில், ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம் நடத்தியபோது, வந்த பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில் 112 கிராமங்களில் நடந்த இன்னொரு சோதனையில், பெற்றோருக்கு ஊரின் எல்லாப் பள்ளிகளின் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டு அட்டை கொடுத்தபோது கற்றல் உயர்ந்தது, தனியார் பள்ளிக் கட்டணமும் குறைந்தது. அங்கே ஒரே ஊரில் பல பள்ளிகள் இருந்தன, பெற்றோருக்கு மாற்றும் வழி இருந்தது. ஒரே ஒரு பள்ளி இருக்கும் ஊரில் அந்த அட்டை அதே வேலையைச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: விவரம் யார் கையில் கிடைக்கிறதோ அவருக்கு அடுத்த நாள் செய்ய ஒரு வேலையும், அதைச் செய்ய நேரமும் இருந்தால்தான் அது பயன்படும். ஊர்த் தன்னார்வலர்கள் மாலை வகுப்பு நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்று அளந்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்பில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் சொல்கிறது. மாலையில் பிள்ளைகளோடு உட்கார ஆள் இருந்தார்கள். பின்தங்கிய பிள்ளை யார் என்று தெரிந்த உடனே அடுத்த காரியத்தைச் செய்ய முடிந்தது.

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். அது நல்ல யோசனை. பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் அவன் இருக்கும் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்தலாம். அந்த விவரம் வகுப்பாசிரியரிடமே இருந்து, அவர் அடுத்த வாரப் பாடத்தை மாற்ற உதவினால் அதன் வேலை முடிந்தது. அரும்பு நிலையில் ஏன் இத்தனை பேர் என்று கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்டால், அடுத்த முறை அரும்பு குறைந்துவிடும். பிள்ளைகள் அப்படியே இருப்பார்கள். ஆசிரியர் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மதிப்பீட்டையும், அதிகாரி பள்ளியை எடைபோடப் பயன்படுத்தும் மதிப்பீட்டையும் ஒரே ஆப்பில், ஒரே பட்டியலில் போடாமல் இருப்பது, மற்ற எல்லாச் சீர்திருத்தத்தையும்விட முதலில் செய்ய வேண்டியது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது சுமை. ஏற்கெனவே எமிஸில் இருக்கும் அதே எண்ணிக்கையை, வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் எக்செல் தாளாகக் கேட்பார், மாவட்டத்திலிருந்து இன்னொருவர் வேறு வரிசையில் கேட்பார், இரண்டுமே பகல் 12 மணிக்குள் வேண்டும். பாடம் நடக்கும் நேரம் அது. பதிவு வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாக வைக்கும் கோரிக்கை. அது சோம்பலால் வந்த கோரிக்கை என்று நினைக்க வேண்டாம். ஒரு விவரத்தை ஒரு முறைதான் கேட்கலாம், இருப்பதை அலுவலகமே எடுத்துக்கொள்ள வேண்டும், புதிய விவரம் கேட்பவர் அதை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறார் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் கட்டாயமாக்கினால் பாதி கேள்விகள் தாமாகவே உதிர்ந்துவிடும். அதோடு, ஏற்றிய விவரம் ஒரு வாரத்துக்குள் ஒரு பக்கத் தமிழ் அறிக்கையாகப் பள்ளிக்குத் திரும்ப வர வேண்டும்: தொடர்ந்து வராத பிள்ளைகள் யார், எந்தப் பதிவில் பிழை, யாருக்கு உதவித்தொகை நின்றிருக்கிறது என்று. ஆயிரம் பள்ளியை வண்ணப் படமாகக் காட்டும் திரை ஆட்சியருக்குப் பயன்படலாம். வகுப்பாசிரியருக்கு வேண்டியது நான்கு பெயர்.

பிழை திருத்தத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நம் பெயரில் இனிஷியல் இருக்கிறது. பள்ளிப் பதிவில் 'மு. செல்வி' என்று இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வந்திருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியல் கடைசியில் இருக்கும். மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று கணினிக்குத் தெரியாது. உதவித்தொகை நின்றுவிடும். பிறகு அந்தத் தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சேவை மையத்துக்கு அலைவார். பதிவில் உள்ள பிழைக்குப் பிள்ளையைத் தண்டிக்கக்கூடாது என்பதைச் சட்டமும் சொல்கிறது. ஆதார் இல்லை என்பதற்காகப் பள்ளிச் சேர்க்கையையோ பிள்ளைகளுக்குரிய பலன்களையோ மறுக்கக்கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நாடு முழுக்க மாணவர்களுக்கு இப்போது வரும் அபார் அடையாள எண்ணுக்கும் பெற்றோர் சம்மதம் வேண்டும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்கிறது. இத்தனைக்கும் மத்தியில், சாதி, மாற்றுத்திறன் வகை, அம்மாவின் போன் எண் எல்லாம் உள்ள பட்டியல் வாட்ஸ்அப் குழுக்களில் சர்வசாதாரணமாகச் சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அதை உடனே நிறுத்தலாம். ஒரு பைசா செலவில்லை.

எந்தக் கணக்கிலும் சிக்காத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் குளிர்காலத்தில் வந்து மழைக்கு முன் போய்விடுகின்றன. ஆகஸ்ட் 1-ஆம் தேதி கணக்கில் அவர்கள் இங்கே இல்லை. ஊரில் பெயர் இருக்கிறது, பிள்ளை இங்கே மண் மிதிக்கிறது. நாடு முழுக்க ஒரே எண் வந்தால் அவர்களைப் பின்தொடர முடியும் என்று சொல்கிறார்கள். முடியலாம். ஆனால் எண் இருந்தால் மட்டும் போதாது; சூளையில் வந்து இறங்கும் வாரத்திலேயே அங்கே போய், ஒடியா தெரிந்த ஒருவரோடு பேசிப் பிள்ளைகளைப் பதிவுசெய்யும் ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்த இடங்களில் எண் இல்லாமலே பிள்ளைகள் படித்தார்கள்.

கடைசியாக, நீங்கள் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் மூன்று எண்ணிக்கைகளைக் கேளுங்கள்: வருகைப் பதிவேட்டில் எத்தனை, எமிஸில் எத்தனை, இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை. வித்தியாசம் இருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம், அந்தப் பிள்ளைகள் எந்தத் தெரு என்று மட்டும் கேளுங்கள். தொடர்ந்து 30 நாள் வராவிட்டால்தான் இடைநின்றவர் என்று எடுத்துக்கொள்ளும் நடைமுறை இருக்கிறது. என் அனுபவத்தில் அது ரொம்பத் தாமதம். ஐந்து நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆறாம் நாள் அந்தத் தெருவில் இருக்கும் குழு உறுப்பினர் போய்விட்டு வந்தால், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அப்புறம், ஐந்தாம் வகுப்பு விஷயம். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளின் பெயரைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லாதீர்கள். எத்தனை பேர், அவர்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் தனியாக ஒதுக்க முடியும், அந்த நேரத்தில் எந்தப் பதிவு வேலையும் வராமல் பார்த்துக்கொள்ள யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அந்த நேரத்தைக் கேட்டு ஒரு தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து, மாதிரிக்கு நான்கைந்து பிள்ளைகளை அவர்கள் பெற்றோர் முன்னிலையில் மட்டும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்னேற்றம் இருந்தால் அதே நேரத்தைத் தொடரச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த வகுப்புக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.